கொல்லிமலைக்குக் குடிபெயரும் செவிலியருக்கு

ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய வளாகத்தில் நிற்கும்போது நம்மிடம் அடிக்கடி வரும் கேள்வி ஒன்று உண்டு. "அவருக்குக் கொல்லிமலைக்கு மாற்றல் ஆகியிருக்கிறது. நான் நர்சிங் முடித்திருக்கிறேன். அங்கே ஏதாவது ஆஸ்பத்திரியில் வேலை கிடைக்குமா?" கணவர் பள்ளி ஆசிரியராக இருப்பார், அல்லது வங்கியில், வனத்துறையில், மின்வாரியத்தில் பணிபுரிபவராக இருப்பார். மனைவி நான்கைந்து ஆண்டுகள் நகரத்து மருத்துவமனையில் வேலை பார்த்தவர். கையில் குழந்தை. கேட்பவரின் முகத்திலேயே கவலை தெரியும். "விசாரித்துப் பார்க்கிறோம்" என்று சொல்லி அனுப்பிவிடுவது நமக்கு எளிது. ஆனால் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது.

வேலை கிடைக்கும் என்பதே நமது பதில். அதில் ஐயம் வேண்டாம். மலையில் செவிலியர் பணியிடம் காலியாவது, அங்கு வருபவர்கள் தங்காமல் போவதால்தான். எனவே விரும்பிக் கேட்டு வருகிறவருக்கு வாய்ப்பு உண்டு. எந்த நிபந்தனையில் கிடைக்கும், எத்தனை நாள் நிலைக்கும் என்பதுதான் யோசித்துப் பார்க்க வேண்டியது. அதைத் தெரிந்துகொண்டு மலை ஏறுவது நல்லது.

முதலில் மலையைப் பற்றிச் சில வார்த்தைகள். நாமக்கல் மாவட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கிறது கொல்லிமலை. அடிவாரத்தில் காரவள்ளியைத் தாண்டினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். மேலே சோளக்காடு, செம்மேடு. வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, குண்டூர் நாடு என்று 14 நாடுகளாக, அதாவது ஊராட்சிகளாக, மக்கள் பரவி வாழ்கிறார்கள். மிளகும், காபியும், மரவள்ளியும், வாழையும், பலாவும் விளையும் மண். மக்களில் மிகப் பெரும்பான்மையோர் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்திலிருந்து வரும் செவிலியர்கள் இந்தப் பெயரைக் கேட்டதும் மகிழ்ந்து, "நம்ம ஆளுங்களா?" என்று கேட்பதுண்டு. அல்ல. மலையை ஆள்பவர் என்ற பொருளில் வழங்கும் பெயர் இது. தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது இவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் வரலாறு. பேசுவதும் தமிழ்தான்.

இந்த மக்களிடையே வெளியூரிலிருந்து வந்து நோயாளரைப் பராமரித்தவர்களில் வரலாற்றில் இடம்பெற்ற ஒரு குடும்பம் உண்டு. இங்கிலாந்திலிருந்து வந்த ஜெஸ்ஸி பிராண்டும் அவரது துணைவி ஈவ்லினும் 1913-ல் திருமணமான கையோடு இந்த மலையில் குடியேறினார்கள். தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து உலகப் புகழ்பெற்ற வேலூர் மருத்துவர் பால் பிராண்ட் 1914-ல் இங்கு பிறந்த அவர்களது மகன். ஜெஸ்ஸி முறையாகப் பட்டம் பெற்ற மருத்துவர் அல்லர். வெப்பமண்டல நோய்களைப் பற்றிச் சிறிது காலம் பயின்றவர், அவ்வளவே. ஈவ்லினோ ஓவியம் கற்றவர். ஆண்டுகள் பல கடந்தும் மலைமக்கள் அவர்களை நம்பி நெருங்கி வரவில்லை. பிறகு கொடிய காய்ச்சல் ஒன்று மலையெங்கும் பரவியபோது, அஞ்சி ஒதுங்கப்பட்ட நோயாளிகளுக்கு இவர்கள் கஞ்சி காய்ச்சி ஊட்டினார்கள். தங்களை எதிர்த்து நின்ற உள்ளூர்ப் பூசாரி இறக்கும் தறுவாயில் தன் கைக்குழந்தையை இவர்களிடமே ஒப்படைத்தார். மருந்தைவிடக் கஞ்சி செய்த வேலை அதிகம்! இன்று நாம் செவிலியப் பணி என்று சொல்வது பெரும்பாலும் அதுதானே? ஜெஸ்ஸி 1929-ல் காய்ச்சலுக்குப் பலியானார். ஈவ்லின் தம் பணி ஓய்வுக்குப் பிறகு, எழுபது வயதை நெருங்கும் காலத்தில், சங்கத்தின் ஆதரவின்றித் தனியாக மலைக்குத் திரும்பினார். 1974-ல் தமது 95-ஆம் வயதில் இறக்கும்வரை மலைமக்களுக்காகவே வாழ்ந்தார். அவர்கள் நம் திருச்சபையைச் சேர்ந்தவர்கள் அல்லர். ஆனாலும் மலைக்கு வேலைக்குப் போகும் நம் வீட்டுப் பெண்ணிடம் முதலில் இந்தக் கதையைத்தான் சொல்ல வேண்டும். மலையில் நம்பிக்கை பிறக்க ஆண்டுகள் ஆகும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை செவிலியர் மாறினால் அது பிறக்கவே பிறக்காது.

இனி வேலைக்கு வருவோம்.

எதற்கும் முன்னால் பதிவு. செவிலியராகப் பணிபுரிய, சென்னையில் இயங்கும் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பெயர் பதிவாகியிருக்க வேண்டும். தமிழகத்திலேயே படித்தவருக்கு இது ஏற்கெனவே இருக்கும். புதுப்பிக்க வேண்டிய தேதி தாண்டிவிட்டதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். குழந்தைப்பேற்றுக்காக இரண்டு மூன்று ஆண்டு வேலையை விட்டவர்கள் இதை மறந்துவிடுவது வழக்கம். கேரளத்திலோ கர்நாடகத்திலோ படித்துப் பதிவு செய்தவர் என்றால், அந்த மாநிலக் குழுமத்திடம் தடையில்லாச் சான்று பெற்று, பிறகு தமிழகக் குழுமத்தில் பதிவு செய்ய வேண்டும். இதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். வீட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றிய பிறகு தொடங்கும் வேலை அல்ல இது. மாற்றல் உத்தரவு கைக்கு வந்த அன்றே விண்ணப்பித்துவிட வேண்டும்.

அரசு வேலைக்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, 2012-ல் தொடங்கப்பட்ட மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம். செவிலியர்களை இவ்வாரியம் 2015 முதல் எழுத்துத் தேர்வு வைத்து எடுக்கிறது. மாநில அரசின் பணித் தேர்வுகளில் இப்போது தமிழ்மொழித் தகுதித் தாளும் கட்டாயம் என்பதை வெளிமாநிலத்தில் படித்தவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். தேர்வானவர்கள் தர வரிசைப்படி கலந்தாய்வில் இடத்தைத் தெரிவு செய்கிறார்கள். முன்னால் நிற்பவர்கள் நகரங்களை எடுத்துக்கொள்ள, மலைகள் கடைசிவரை மிஞ்சி நிற்கும். "எனக்குக் கொல்லிமலை வேண்டும்" என்று கேட்கும் செவிலியரைக் கண்டு கலந்தாய்வு அதிகாரியே ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார்!

ஆனால் இந்த வழியின் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. 2015-ஆம் ஆண்டுத் தேர்வில் வந்த ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்கள் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்டார்கள். இரண்டு ஆண்டில் நிரந்தரமாகிவிடுவோம் என்று நம்பிக் காத்திருந்தவர்கள், அது நடக்காததால் 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கில் திரண்டு போராடினார்கள். பின்னர் தொகுப்பூதியம் 14,000 ஆகவும், அதன்பின் 18,000 ஆகவும் உயர்ந்தது. காலியிடம் ஏற்பட ஏற்பட, மூப்பு வரிசையில் சிலர் சிலராகக் காலமுறை ஊதியத்துக்கு மாற்றப்படுகிறார்கள். கொரோனா காலத்தில் ஒப்பந்தத்தில் சேர்ந்து, முழு உடல் கவசம் அணிந்து பணிசெய்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்களின் பணி 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு நீட்டிக்கப்படாமல் முடிந்தது. அவர்களுக்கு மாவட்ட அளவிலான பணிகளில் இடம் தரப்படும் என்று அரசு பிறகு அறிவித்தது. கைதட்டி விளக்கேற்றி நாம் வாழ்த்தியது இவர்களைத்தான்.

இரண்டாவது வழி மாவட்ட நலவாழ்வு சங்கம். தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் நிதியில், மாவட்ட ஆட்சியர் தலைமையில் ஒவ்வொரு மாவட்டத்திலும் இது இயங்குகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒப்பந்தச் செவிலியர், துணை சுகாதார நிலையத்துக்கு இடைநிலை சுகாதாரப் பணியாளர் என்று இச்சங்கத்தின் வழியாக ஆள் எடுக்கிறார்கள். மலைக்குக் குடிபெயரும் குடும்பப் பெண்ணுக்கு நடைமுறையில் எளிதில் திறக்கும் கதவு இதுவே. எழுத்துத் தேர்வின்றிச் சான்றிதழ் சரிபார்ப்பும் நேர்காணலுமாக முடிந்துவிடுவதும் உண்டு. அறிவிப்பு நாமக்கல் மாவட்ட இணையதளத்தில் வரும், நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் ஒரு மூலையில் வரும். விண்ணப்பிக்கப் பெரும்பாலும் பத்துப் பதினைந்து நாட்களே அவகாசம். மலையில் செல்பேசி சிக்னல் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை என்பதால், சமவெளியில் இருக்கும் உறவினர் ஒருவரை வாரம் ஒருமுறை அந்த இணையதளத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்வது நல்லது.

இந்த வேலைக்கான அறிவிப்பிலேயே ஒரு நிபந்தனை இருக்கும். பணி முற்றிலும் தற்காலிகமானது, எந்தக் காலத்திலும் நிரந்தரம் ஆகாது, அதை ஏற்றுக்கொள்கிறேன் என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். பலர் அதைப் படிக்காமலேயே கையெழுத்திடுகிறார்கள். படியுங்கள். பிறகு வருந்துவதில் பயனில்லை. நிரந்தர அரசு ஊழியருக்கு உள்ள மகப்பேறு விடுப்பு, மலைப்படி போன்றவற்றில் எவை ஒப்பந்தப் பணியாளருக்குப் பொருந்தும் என்பதைச் சேரும் நாளிலேயே அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்பது பேராசை அல்ல.

தனியார் மருத்துவமனை என்றால் மலையில் அதிக வாய்ப்பு இல்லை. சேந்தமங்கலம், ராசிபுரம், நாமக்கல் என்று அடிவாரத்துக்கு இறங்க வேண்டும். அங்கு ஆள் தேவை எப்போதும் உண்டு. வேலையும் பேச்சு வாக்கிலேயே கிடைத்துவிடும். இங்கே நமக்குத் தெரிந்த ஓர் அனுபவத்தைச் சொல்லியாக வேண்டும். நாம் பரிந்துரைத்துச் சென்ற ஒரு பெண்ணின் அசல் சான்றிதழ்களைச் சமவெளியில் ஒரு மருத்துவமனை வாங்கி வைத்துக்கொண்டது. ஓராண்டு கழித்து மலைப்பகுதியில் அரசு ஒப்பந்தப் பணிக்கு அழைப்பு வந்தபோது, சான்றிதழைத் திரும்பத் தர மறுத்து, மூன்று மாதச் சம்பளத்தைக் கட்டச் சொன்னார்கள். சரிபார்ப்பு நாளும் கடந்துபோயிற்று. நல்ல இடம் என்று சொல்லி அனுப்பியவர்கள் நாம்தான். அந்த வருத்தம் இன்றும் நமக்கு உண்டு. அசல் சான்றிதழை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். காட்டுங்கள், நகலைக் கொடுங்கள், அசலைக் கையோடு எடுத்து வாருங்கள்.

ஊதியம் பற்றியும் ஒரு செய்தி. தனியார் மருத்துவமனைச் செவிலியரின் நிலை குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் பிறப்பித்த உத்தரவின்படி மத்திய அரசு ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. இருநூறு படுக்கைக்கு மேற்பட்ட மருத்துவமனை அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியம் தர வேண்டும், நூறு படுக்கைக்கு மேல் என்றால் அதில் பத்து விழுக்காட்டுக்கு மேல் குறையக் கூடாது, ஐம்பதிலிருந்து நூறு வரை என்றால் இருபத்தைந்து விழுக்காட்டுக்கு மேல் குறையக் கூடாது, மிகச் சிறிய மருத்துவமனையிலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று அக்குழு பரிந்துரைத்தது. பரிந்துரைதான். அதைச் செயல்படுத்தும் பொறுப்பு மாநிலங்களிடம் விடப்பட்டது. சிறு நகரத்து மருத்துவமனைகளில் இந்தத் தொகையைக் கேட்டால் சிரிப்பார்கள். இருந்தாலும், நம் உழைப்புக்கு என்ன மதிப்பு என்று ஒரு குழு ஆராய்ந்து சொல்லியிருக்கிறது என்பது தெரிந்திருந்தால், பேரம் பேசும்போது தலை குனிய வேண்டியதில்லை.

நம் துறவற சபைகள் நடத்தும் மருத்துவமனைகளையும் மருந்தகங்களையும் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மருத்துவர் அருள்சகோதரி மேரி குளோரி 1943-ல் குண்டூரில் தொடங்கிய இந்தியக் கத்தோலிக்க நலவாழ்வு சங்கத்தில் இன்று மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் உறுப்பாக உள்ளன. பெரும்பாலானவை கிராமங்களில் உள்ள சிறிய மருந்தகங்கள். பங்குத்தந்தை வழியாகவோ மறைமாவட்டச் சமூகப் பணி மையம் வழியாகவோ விசாரிக்கலாம். அங்கும் சம்பளம், வேலை நேரம், விடுப்பு ஆகியவற்றை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். "சேவை மனப்பான்மை" என்ற சொல்லைக் காட்டிக் குறைந்த கூலி கொடுப்பது எங்கே நடந்தாலும் தவறுதான். நம் வளாகத்துக்குள் நடந்தால் கூடுதல் தவறு.

வேலை கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மலையில் செவிலியரின் வேலை நகரத்து வேலை போன்றதல்ல. பெரிய மருத்துவமனையில் பக்கத்திலேயே மருத்துவர் இருப்பார், மூத்த செவிலியர் இருப்பார், இரத்த வங்கி இருக்கும். மலையின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நள்ளிரவில் பிரசவ வலியோடு ஒரு பெண் வந்தால் முதலில் எழுந்து வருபவர் செவிலியரே. சில சமயம் கடைசிவரை அவர் மட்டுமே. சமவெளியில் இரத்த அழுத்தம் சற்று ஏறியிருந்தால் அரை மணி நேரம் பொறுத்துப் பார்க்கலாம். இங்கே அந்த அரை மணி நேரம் கிடையாது. கீழே அனுப்ப வேண்டும் என்று முடிவெடுத்தால், 108 வண்டி வந்து சேரும் நேரம், பிறகு எழுபது வளைவுகள், பிறகு நாமக்கல் வரை சாலை. இரத்தப்போக்கு அவ்வளவு நேரம் காத்திருக்காது. ஆகவே மலைச் செவிலியருக்கு வேண்டிய முதல் திறமை, ஆபத்தைச் சற்று முன்னதாகவே கண்டு, முன்னதாகவே அனுப்பிவைப்பதுதான். மலைப்பகுதிகளில் பேறுகாலம் நெருங்கிய பெண்களை நாலைந்து நாள் முன்பே வரவழைத்துச் சுகாதார நிலையத்தில் தங்கவைப்பதும் இதனால்தான். தோட்டத்து வேலையையும் வீட்டையும் விட்டு வந்து தங்கும்படி அந்தப் பெண்ணின் மாமியாரைச் சம்மதிக்க வைப்பது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத கலை.

எனவே தீவிர சிகிச்சைப் பிரிவிலோ அறுவை அரங்கிலோ பல ஆண்டு வேலை பார்த்தவர்கள், பிரசவ அறைப் பழக்கம் விட்டுப்போயிருந்தால் வெட்கப்படாமல் சொல்லிவிட வேண்டும். அரசின் பிரசவப் பயிற்சி 21 நாள் உண்டு. சேர்ந்தவுடன் அதற்கு அனுப்பும்படி கேளுங்கள். பாம்புக்கடி, மிளகு பறிக்க மரம் ஏறி விழுந்தவர்கள், பூச்சிமருந்து குடித்தவர்கள் என்று வருவதையும் எதிர்பார்த்திருக்க வேண்டும்.

நம்பிக்கை தரும் ஓர் எடுத்துக்காட்டு தமிழகத்திலேயே இருக்கிறது. தருமபுரி மாவட்டம் சித்தலிங்கி பள்ளத்தாக்கிலும் வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினரே. 1993-ல் மருத்துவத் தம்பதியர் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் அங்கே ஒரு குடிசையில் மருத்துவமனையைத் தொடங்கினார்கள். அப்போது அப்பகுதியில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 150 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்துகொண்டிருந்தன. அவர்கள் உள்ளூர்ப் பெண்களையே தேர்ந்து, பல ஆண்டு பொறுமையாகப் பயிற்றுவித்துச் செவிலியப் பணியில் அமர்த்தினார்கள். குழந்தை இறப்பு பல மடங்கு குறைந்தது. மலைப்பெண்ணே செவிலியரானால் அவள் வேலையை விட்டு ஓட மாட்டாள். ஓடுவதற்கு அவளுக்கு வேறு ஊர் கிடையாது. வெளியூரிலிருந்து வருகிற நம் வீட்டுப் பெண், தான் இருக்கும் இரண்டு மூன்று ஆண்டில், பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் படிக்கும் மலைச் சிறுமியர் இருவருக்கு நர்சிங் படிப்புக்கு வழிகாட்டிவிட்டால், அவள் போன பிறகும் அந்த நாற்காலி காலியாக இருக்காது.

குடும்பத்தைப் பற்றியும் பேச வேண்டும். கணவருக்கு மேலே வேலை, மனைவிக்குக் கீழே நாமக்கல்லில் வேலை என்றால் தினமும் ஏறி இறங்கலாம் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். ஒரு மாதம் முடியும். மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை அடைபடும் நாட்களும், இரவு டியூட்டி முடிந்து முதல் பேருந்துக்காக நிற்கும் காலைகளும் சேரும்போது கணக்கு பொய்த்துவிடும். எனவே செம்மேட்டிலோ சோளக்காட்டிலோ வீடு பார்த்து, மேலேயே வேலை தேடுவது, சம்பளம் சற்றுக் குறைந்தாலும், நல்லது என்பதே நமது கருத்து. இரவு டியூட்டி நாட்களில் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது? வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார் என்றால், அதை மாமியார் முன்னிலையில் முதலிலேயே பேசி முடித்துவிடுவது நல்லது. இதில் பங்கு மக்களுக்கும் வேலை உண்டு. மலையில் ஏற்கெனவே வசிக்கும் நம் குடும்பங்கள் ஒரு வாடகை வீடு காட்டலாம், எந்தச் சுகாதார நிலையத்தில் யார் மாற்றலாகப் போகிறார் என்று சொல்லலாம். விளம்பரம் வருவதற்கு முன்பே தெரிந்துவிடும் செய்திகள் இவை.

கடைசியாக ஒன்று. சாமான் ஏற்றுவதற்கு முன், கணவனும் மனைவியுமாக ஒருமுறை மேலே போய் வாருங்கள். ஆடி பதினெட்டு விழாக் கூட்டத்தில் அல்ல, சாதாரணமான ஒரு மழைநாளில். நாமக்கல்லிலிருந்து காலைப் பேருந்தில் ஏறுங்கள். செம்மேடு அரசு மருத்துவமனையின் வெளிநோயாளர் வரிசையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். டியூட்டியில் இருக்கும் செவிலியரிடம் அவருக்கு ஓய்வு கிடைக்கும் நேரம் பார்த்து, "இங்கே எத்தனை வருஷமா இருக்கீங்க அக்கா, ராத்திரி எத்தனை பேர் டியூட்டி?" என்று கேளுங்கள். கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதையும் அவரிடமே கேட்டுக்கொண்டு கீழே இறங்குங்கள்.